நண்பன்: அடுத்தவன் பெயரில் ஒரு பி.இ. சீட்

‘நண்பன்’ படத்தைப் பற்றி இனிமேல் எழுத என்ன இருக்கு என்று கேட்பீர்கள். 2012 பொங்கலுக்கு வந்த படம். டிவியில் எத்தனையோ தடவை போட்டாச்சு. விஜய் தலையைச் சாய்த்துச் சிரிப்பதும், சத்யராஜ் வைரஸாக மிரட்டுவதும், சத்யனின் மேடைப் பேச்சும் தெரியாத ஆள் கிடையாது. “மனசுக்குப் பிடிச்சதைப் படி, மார்க்கு பின்னால ஓடாதே” என்பதுதான் படம் சொல்லும் சேதி என்றும் முடிவாகிவிட்டது.

எனக்கு அந்த முடிவில் ஒரு சின்ன இடறல் உண்டு. பிடித்ததைப் படிக்கணும் என்ற பிரச்சினை ஸ்ரீகாந்துக்கு. வேலை வாங்கிக் குடும்பத்தைக் காப்பாத்தணும் என்ற பிரச்சினை ஜீவாவுக்கு. ஹீரோவுக்கு என்ன பிரச்சினை? இன்ஜினியரிங் அவனுக்கு உயிர். வகுப்பில் முதல் மாணவன். பிடித்ததைத்தான் படிக்கிறான். அவனுடைய பிரச்சினை வேறு. அந்தக் காலேஜில் அவனுக்கு சீட்டே கிடையாது. பஞ்சவன் பாரிவேந்தன் என்ற பணக்கார வீட்டுப் பையனின் பெயரில் உட்கார்ந்து படிக்கிறான். படிப்பு இவனுக்கு, சர்டிபிகேட் அவனுக்கு என்று ஒப்பந்தம்.

படம் பார்க்கும்போது இது ஒரு திருப்பமாக வந்து போய்விடுகிறது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பாட்டு, வசனம், பென்சில் கேள்வி, கடைசியில் வரும் விநோத மெஷின்கள் எல்லாமே வேறு மாதிரித் தெரிகின்றன. இந்தக் கட்டுரை அந்த ஒரு நூலைப் பிடித்துப் போவதுதான்.

புத்தகத்தில் இல்லாதது

வரிசையை முதலில் பார்த்துவிடுவோம். 2004-ல் சேத்தன் பகத் எழுதிய ‘ஃபைவ் பாயின்ட் சம்ஒன்’ நாவல். டெல்லி ஐஐடியில் மூன்று நண்பர்கள், மோசமான கிரேடு, கடுமையான ஒரு பேராசிரியர், அவருடைய மகள். 2009 டிசம்பர் 25-ல் ராஜ்குமார் ஹிரானியின் ‘3 இடியட்ஸ்’. 2012 ஜனவரி 12-ல் ஷங்கரின் ‘நண்பன்’.

இந்திப் படம் வந்ததும் பெரிய சண்டை நடந்தது. கதை என்னுடையது, என் பெயரைக் கடைசியில் ஓடும் எழுத்துகளில் ஒளித்துவிட்டார்கள் என்று சேத்தன் பகத் சொன்னார். எங்கள் திரைக்கதை தனி என்று தயாரிப்பாளர் விது வினோத் சோப்ரா தரப்பு சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். நாவலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். மாடியில் இருந்து குதிக்கும் நண்பன், தற்கொலை செய்துகொண்ட பேராசிரியர் மகன், அவர் மகளுடன் காதல், திருட்டுத்தனமாக எடுக்கும் கேள்வித்தாள், இதெல்லாம் புத்தகத்தில் இருந்து வந்தவை. ஆள்மாறாட்டம் புத்தகத்தில் இல்லை. அது ஹிரானியும் அபிஜாத் ஜோஷியும் சேர்த்தது.

ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு ஹிரானியின் முதல் படமே பதில். ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்’ (2003). அதில் மும்பை தாதா ஒருவன் பரீட்சையில் ஆள் வைத்து எழுதி மெடிக்கல் சீட் வாங்குகிறான். தமிழில் 2004-ல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்’. அந்தப் படத்திலும் நோயாளியைத் தொட்டுப் பேசத் தெரிந்த ஒருவன், தனக்கு உரிமையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, உரிமையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாடம் சொல்கிறான். அதாவது ஹிரானியின் இரண்டு கல்லூரிப் படங்களுக்கும் ஒரே எலும்புக்கூடு. முன்னா திருடிய சீட்டில் இருக்கிறான். ரான்ச்சோ இரவல் சீட்டில் இருக்கிறான்.

ஷங்கரின் பழைய கணக்கு

ஷங்கர் அதுவரை அடுத்தவர் படத்தை ரீமேக் எடுத்ததே இல்லை. ‘எந்திரன்’ முடித்த கையோடு ஏன் இந்தப் படத்தை எடுத்தார் என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள். என்னைக் கேட்டால், அவருடைய முதல் படத்தின் மீதிக் கதை இது.

‘ஜென்டில்மேன்’, 1993 ஜூலை. அப்பளம் போட்டு விற்கும் கிச்சா பகலில் நல்லவன், ராத்திரியில் கொள்ளைக்காரன். எதற்காகக் கொள்ளை? நன்றாகப் படிக்கும் இரண்டு பையன்கள் மெடிக்கல் சீட்டுக்குப் போகிறார்கள். லஞ்சம் கேட்கிறார்கள். கொடுக்க வழியில்லை. நண்பன் தற்கொலை செய்துகொள்கிறான். கிச்சா அம்மாவையும் இழக்கிறான். பணம் இல்லாத பிள்ளைகளுக்காக ஒரு காலேஜ் கட்டத்தான் அவன் திருடுகிறான்.

இது சும்மா சினிமாக் கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் 1980-களின் தொடக்கம் வரை இன்ஜினியரிங் காலேஜ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிண்டி, கோவை, மதுரை, காரைக்குடி, சேலம், திருநெல்வேலி, அப்புறம் எங்க ஊர்ப் பக்கத்தில் துவாக்குடி ஆர்.இ.சி. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. கூடவே கேபிடேஷன் ஃபீஸ் என்ற வார்த்தையும் வீட்டுக்கு வீடு வந்தது. 1992-ல் அதைத் தடை செய்து தமிழ்நாடு ஒரு சட்டமே போட்டது. 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடம் மெரிட்டுக்கு, பாதி இடம் பணம் கட்டுபவர்களுக்கு என்று ஒரு திட்டம் சொன்னது. அடுத்த ஐந்து மாதத்தில் ‘ஜென்டில்மேன்’ தியேட்டருக்கு வருகிறது. அந்தப் படத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி ரஹ்மான் பாட்டுக்கு என்றால், மீதி இந்தக் கோபத்துக்கு.

அப்படியே 2012-க்கு வாருங்கள். 1997-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்துவிட்டது. 2007-லிருந்து நுழைவுத் தேர்வும் இல்லை. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அறிவித்தார்கள். மாநிலத்தில் இன்ஜினியரிங் காலேஜ்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. கலந்தாய்வு முடிந்த பிறகும் பல்லாயிரம் இடங்கள் காலி. சீட் கிடைக்காமல் செத்துப்போன பையனின் கதையை 1993-ல் எடுத்தவர், 19 வருஷம் கழித்து, சீட் கிடைத்ததால் செத்துப்போகும் பையனின் கதையை எடுக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் தமிழ்நாட்டு இன்ஜினியரிங்கின் வரலாறு.

ஷங்கரே மெக்கானிக்கலில் டிப்ளமா படித்தவர். பட்டத்துக்கும் தொழிலுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு படி வித்தியாசம், பட்டறைக்குள் போனதும் எப்படி மதிப்பாக மாறும் என்பது டிப்ளமா படித்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிண்டியில் இருந்து வந்த வசனம்

இது எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு. ‘வசூல்ராஜா’வுக்கு வசனம் கிரேஸி மோகன். அவர் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் படித்தவர். முதல் நாடகம் எழுதியதே அங்கே மாணவராக இருந்தபோதுதான். ‘நண்பன்’ படத்துக்கு ஷங்கரோடு சேர்ந்து வசனம் எழுதியவர் மதன் கார்க்கி. அவரும் கிண்டிதான், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வந்து, படம் எடுத்த காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஹிரானியின் இரண்டு காலேஜ் படங்களையும் தமிழில் பேச வைத்தவர்கள் ஒரே காலேஜின் இரண்டு தலைமுறை இன்ஜினியர்கள்!

கார்க்கிக்கு இங்கே ஒரு பெரிய தலைவலி இருந்தது. இந்தியில் அந்த மனப்பாட மாணவன் சதுர் ராமலிங்கம். தமிழ்ப் பின்னணி, பாண்டிச்சேரிப் படிப்பு, இந்தி சரியாக வராது. அந்த வடஇந்தியச் சிரிப்பின் ஊசி நம்மைப் பார்த்து இருக்கிறது. தமிழில் அதை அப்படியே எடுக்க முடியாது. தமிழில் வரும் ஸ்ரீவத்சன், தமிழே ஒழுங்காகத் தெரியாத ஒரு தமிழன். அர்த்தம் தெரியாமல் மேடைப் பேச்சை மனப்பாடம் செய்கிறான். யாரோ ஒரு வார்த்தையை மாற்றி வைத்தால் அதையும் ஒப்பிக்கிறான். கற்பித்தல் வேறொன்றாக மாறும் அந்தக் காட்சிக்குத் தியேட்டரே அதிர்ந்தது. இந்தியில் வேற்று மொழிக்காரனைப் பார்த்துச் சிரித்தார்கள். தமிழில் இங்கிலீஷ் மீடியத்துக்குப் பிள்ளையை அனுப்பிய நம் வீட்டையே பார்த்துச் சிரித்தோம். இன்றைக்குப் பார்த்தால் அந்த நகைச்சுவை பாலியல் வன்முறையை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறது என்பதும் உறுத்துகிறது. இரண்டு மொழியிலும் அதே உறுத்தல்தான்.

பெயர்களையும் கவனியுங்கள். பஞ்சவன் என்றால் பாண்டியன். பாரி என்றால் வள்ளல். பணக்கார வீட்டுப் பையனுக்கு ராஜா பெயரும் வள்ளல் பெயரும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சுமப்பவனோ அந்த வீட்டு வேலைக்காரக் குடும்பத்துப் பையன். நிஜமான பாரிவேந்தனாக எஸ்.ஜே. சூர்யா சிறிது நேரம் வந்து போவார். 2000-ல் விஜய்க்கு ‘குஷி’ கொடுத்த இயக்குநர், இங்கே விஜய் இரவல் வாங்கிய பெயருக்குச் சொந்தக்காரர்.

பாட்டுக் கணக்கு

இந்தியில் இசை சாந்தனு மொய்த்ரா, பாட்டு ஸ்வானந்த் கிர்கிரே. ஹாஸ்டல் அறையில் கிட்டாரை வைத்துக்கொண்டு பையன்கள் தாங்களே பாடுகிற மாதிரியான இசை அது. ஷங்கர் படத்தில் அந்த அளவு போதாது. ‘அந்நியன்’ படத்துக்குப் பிறகு இரண்டாவது தடவையாக ஹாரிஸ் ஜெயராஜைக் கூப்பிட்டார். விஜய் படத்துக்கு ஹாரிஸ் இசையமைத்ததும் இதுதான் முதல் தடவை. பாட்டு வெளியீட்டையும் 2011 டிசம்பரில் கோவையில் ஒரு கல்லூரி வளாகத்தில்தான் வைத்தார்கள்.

காதல் பாட்டான ‘அஸ்கு லஸ்கா’வை எடுங்கள். அஸ்க் துருக்கி மொழி, லாஸ்கா செக், ஸ்லோவாக் மொழிகள். இரண்டுக்கும் காதல் என்று பொருள். இப்படிப் பல மொழிகளில் காதலைக் குறிக்கும் சொற்களைப் பொறுக்கி எடுத்து கார்க்கி கோத்திருக்கிறார். மொழியைத் தரவாக எடுத்து வரிசைப்படுத்திப் பார்க்கும் கம்ப்யூட்டர்காரர் புத்தி அது. இந்தியில் அதே இடத்தில் வரும் பாட்டு, பழைய மழைப் பாட்டுகளைக் கிண்டல் செய்யும் பாட்டு. அங்கே சினிமாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், இங்கே அகராதியைப் புரட்டி விளையாடுகிறார்கள்.

நா. முத்துக்குமார் எழுதிய இரண்டு பாட்டுகளும் எதிரெதிர் முனை. ‘ஹார்ட்டிலே பேட்டரி’ காலேஜ் கொண்டாட்டம். தலைப்பிலேயே எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட் வாசனை. ‘நல்ல நண்பன்’, மாடியில் இருந்து குதித்த ஜீவா ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடக்கும்போது வருவது. அதைப் பாடியவர் கர்நாடக இசை மேடைகளில் பாடும் ராமகிருஷ்ணன் மூர்த்தி. ஆர்ப்பாட்டம் இல்லாத குரல். இத்தனை பெரிய பட்ஜெட் படத்தில் மிகச் சின்னதாக ஒலிக்கும் பாட்டு அது. எனக்குப் படத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான். சிரித்துக்கொண்டே வந்த படம் அங்கே நின்று, சிரிப்புக்கான விலையைக் கேட்கிறது.

பென்சில் கேள்வி

இப்போது பேனாவுக்கு வருவோம். வைரஸ் ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டுகிறார். விண்வெளியில் மை இறங்காது, அதனால் கோடிக்கணக்கில் செலவழித்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பேனா என்கிறார். பென்சில் வைத்து எழுதியிருக்கலாமே என்று ஹீரோ கேட்கிறான். அரங்கம் கலகலக்கிறது. வைரஸ் கடைசியில்தான் பதில் சொல்வார்.

இந்தக் கேள்வி படத்துக்கு முன்பே பல வருஷமாக இ-மெயில் ஃபார்வர்டில் சுற்றியது. அமெரிக்கா கோடி கோடியாகக் கொட்டியது, ரஷ்யாக்காரன் பென்சிலை எடுத்துக்கொண்டு போனான் என்று முடியும். நிஜக் கதை இதைவிட ருசியானது.

நாசா முதலில் பென்சில்தான் வைத்திருந்தது. 1965-ல் ஜெமினி பயணங்களுக்காக 34 மெக்கானிக்கல் பென்சில் வாங்கினார்கள். மொத்த விலை 4,382 டாலர் 50 சென்ட். ஒரு பென்சில் கிட்டத்தட்ட 129 டாலர்! பென்சிலுக்கு இவ்வளவா என்று அமெரிக்காவில் பெரிய கூச்சல். பென்சிலில் வேறு ஆபத்தும் இருந்தது. முனை உடைந்தால் கீழே விழாது, மிதக்கும். கண்ணில் போகலாம். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், சுவிட்சுக்குள் போனால் ஷார்ட் ஆகும். மரமும் கிராஃபைட்டும் எரியும். 1967 ஜனவரியில் அப்போலோ-1 தீ விபத்தில் மூன்று வீரர்கள் இறந்த பிறகு எரியும் பொருள் எதையும் உள்ளே விட அவர்கள் தயங்கினார்கள்.

பேனாவைக் கண்டுபிடித்தது நாசா இல்லை. பால் ஃபிஷர் என்ற தனி ஆள், சொந்தக் கம்பெனிப் பணத்தில். கார்ட்ரிட்ஜுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்து, பந்து உருளும்போது மட்டும் இளகும் கெட்டியான மையைப் போட்டார். ஈர்ப்பு விசை இல்லாவிட்டாலும் வாயு தள்ளும். நாசா சோதித்துப் பார்த்து 400 பேனா வாங்கியது, ஒன்று மூன்று டாலருக்கும் குறைவாக. 1968 அக்டோபரில் அப்போலோ-7-ல் அது பறந்தது. 1969-ல் சோவியத் யூனியனும் அதே ஃபிஷரிடம் 100 பேனாவும் 1,000 கார்ட்ரிட்ஜும் வாங்கியது. பென்சிலை வைத்தே சமாளித்தான் என்ற ரஷ்யாக்காரன் கதை அங்கேயே முடிந்தது.

வைரஸ் கடைசியில் சொல்லும் பதில், அதாவது உடைந்த முனை மிதக்கும் என்பது, சரியான பதில். செலவுக் கதைதான் தப்பு. கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் செலவுக் கதையை நாம் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

வாக்யூம் கிளீனர் வைத்துப் பிரசவம் பார்க்கும் காட்சியைச் சுத்த கப்சா என்பார்கள். கருவி கப்சாவாக இருக்கலாம், தத்துவம் இல்லை. 1849-லேயே எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் உறிஞ்சு கருவி வைத்துக் குழந்தையை வெளியே எடுக்க முயன்றிருக்கிறார். 1950-களில் ஸ்வீடன் மருத்துவர் மால்ம்ஸ்ட்ராம் உலோகக் கிண்ணம் வைத்து அதை ஒழுங்குபடுத்தினார். நம் ஆஸ்பத்திரிகளில் இன்றும் வாக்யூம் டெலிவரி என்று எழுதுவது அதைத்தான். கருவிக்கு அழுத்தத்தை அளந்து கொடுக்கும் மீட்டர் உண்டு. வீட்டு வாக்யூம் கிளீனருக்குக் கிடையாது. யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

மூன்று மெஷின்கள்

கடைசிக்கு வருவோம். இந்திப் படத்தின் முடிவு லடாக். காட்டப்படும் பள்ளி ஷே கிராமத்தில் உள்ள ட்ரூக் பள்ளி. ஹீரோ சோனம் வாங்சுக்கின் சாயல் என்று சொல்வார்கள். அவர் ஸ்ரீநகர் ஆர்.இ.சி.யில் மெக்கானிக்கல் படித்தவர், துவாக்குடி ஆர்.இ.சி.க்கு அண்ணன் தம்பி முறை. ஷங்கர் இதைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுவந்தார். 1964 டிசம்பர் புயலில் அழிந்து, திரும்பக் கட்டப்படாத ஊர். கட்டடம் இல்லாத இடத்தில் ஒரு பள்ளி என்பது நல்ல யோசனை.

லடாக் பள்ளியில் பிள்ளைகள் செய்ததாக மூன்று மெஷின்கள் வரும். பெடல் மிதித்தால் துணி துவைக்கும் மெஷின், சைக்கிளோடு இணைத்துக் குதிரைக்கு முடி வெட்டும் மெஷின், ஸ்கூட்டரில் ஓடும் மாவு மில். மூன்றும் நிஜம். துணி துவைக்கும் மெஷினைச் செய்தவர் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துப் பள்ளி மாணவி ரெம்யா ஜோஸ். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டு வேலையும் பார்த்துப் பள்ளிக்கும் போக வேண்டும். முடி வெட்டும் மெஷின் உத்தரப்பிரதேசத்தின் மீரட் பக்கத்து முடிதிருத்துநர் முகமது இத்ரீஸ் செய்தது. மாவு மில் மகாராஷ்டிரத்தின் ஜல்கான் ஊர்க்காரர் ஜஹாங்கீர் பெயின்டர் செய்தது. இவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்தது, பேராசிரியர் அனில் குப்தாவின் முயற்சியால் 2000-ல் தொடங்கிய தேசியப் புத்தாக்க நிறுவனம்.

மூன்று பேரும் இன்ஜினியரிங் காலேஜில் உட்கார்ந்து இதைச் செய்யவில்லை. தேவை வந்தது, செய்தார்கள். இன்ஜினியரிங் படிப்பைப் பற்றி இந்தியாவில் வந்த பெரிய படத்தில், மிகச் சிறந்த இன்ஜினியரிங் என்று காட்டப்படும் மூன்றும் சீட் இல்லாதவர்களின் வேலை!

இங்கேதான் அந்த ஆள்மாறாட்டம் பொருந்துகிறது. ஹீரோவும் சீட் இல்லாதவன்தான். படித்து முடித்த பிறகும் கையில் சர்டிபிகேட் இல்லை. அப்படிப்பட்டவன் எப்படிப் பெரிய ஆள் ஆனான்? நூற்றுக்கணக்கான பேட்டன்ட் வைத்திருக்கும் விஞ்ஞானியாக வருகிறான் என்கிறது கதை. சினிமாத்தனம் என்று நினைத்தேன், பேட்டன்ட் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்க்கும் வரை. பெயர் கேட்கிறார்கள், நாடு கேட்கிறார்கள், முகவரி கேட்கிறார்கள். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கும் கட்டமே இல்லை. சர்டிபிகேட் இல்லாத ஒரு இன்ஜினியருக்கு முறைப்படி திறந்திருக்கும் வாசல் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். ஹிரானியும் ஜோஷியும் ஓட்டை இல்லாமல்தான் கதை பண்ணியிருக்கிறார்கள்.

துவாக்குடி ரோட்டில்

நான் இருக்கும் காட்டூர், திருச்சி–தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் நடுவில் இருக்கிறது. இந்த ரோட்டில் கிழக்கே போனால் பெல் பாய்லர் தொழிற்சாலை, அதைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், துவாக்குடி தொழிற்பேட்டை, அப்புறம் 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கி 2003-ல் என்.ஐ.டி. ஆன காலேஜ். ஒரே ரோட்டில் வைரஸும் இருக்கிறார், ஜஹாங்கீர் பெயின்டரும் இருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்து இருபது வருஷம் வெல்டிங் செய்தவர், டிராயிங்கைப் பார்த்ததுமே “இந்த இடத்துல டார்ச் உள்ள போகாது சார்” என்று சொல்லிவிடுவார். டிராயிங் போட்டவருக்கு அது வேலை தொடங்கிய பிறகுதான் தெரியும். ஆனால் டிராயிங்கில் கையெழுத்து அவருடையது இல்லை.

நான் இருக்கும் சாஃப்ட்வேர் தொழிலிலும் இதுதான் நிலைமை. கேம்பஸ் தேர்வுக்கு நாங்கள் போவோம். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ., மூன்றிலும் 60 சதவீதம் என்று ஒரு வடிகட்டி போட்டிருப்பார்கள். லிஸ்ட் எங்கள் கைக்கு வரும்போது வடிகட்டி வேலையை முடித்திருக்கும். ‘நண்பன்’ ஹீரோ மாதிரி ஒருத்தன் அந்தக் காலேஜில் இருந்தாலும், அவன் என் எதிர் நாற்காலி வரை வரவே மாட்டான். பிடித்ததைப் படி என்ற அறிவுரை வடிகட்டியைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும் பயன்படும் அறிவுரை. வசதியான வீட்டில் அதை எளிதாகச் சொல்லலாம்.

பத்து வருஷம் கழித்து

இந்த வரிசையில் அடுத்த படம் ‘டான்’. 2022 மே 13. சிபி சக்கரவர்த்தி இயக்கம், அனிருத் இசை. ஹீரோ சிவகார்த்திகேயன் எங்க ஊர்க்காரர், திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர். அவரை உலகத்துக்குக் காட்டிய விஜய் டிவி நிகழ்ச்சி ‘கலக்கப் போவது யாரு’. அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது? ‘வசூல்ராஜா’வில் பரத்வாஜ் இசையில் வந்த பாட்டு. ‘டான்’ படத்தில் கண்டிப்பான பூமிநாதனாக வருபவர் எஸ்.ஜே. சூர்யா. அதே நிஜப் பாரிவேந்தன்! ஒரு காலேஜ் காமெடியில் இருந்து இன்னொன்றுக்கு எப்படி வேர் ஓடியிருக்கிறது பாருங்கள்.

‘டான்’ படத்தில் சீட் ஒரு பிரச்சினையே இல்லை. அப்பா சேர்த்துவிடுகிறார். தனக்கு என்ன வரும் என்று தெரியாததுதான் பையனின் கவலை. நான்கு படங்களையும் வரிசையாக வையுங்கள். 1993-ல் சீட் கிடைக்காமல் சாகிறான். 2004-ல் சீட்டைத் திருடுகிறான். 2012-ல் அடுத்தவன் பெயரில் உட்காருகிறான். 2022-ல் வேண்டாம் என்றாலும் உட்கார வைக்கிறார்கள். முப்பது வருஷத்தில் இன்ஜினியரிங் சீட்டின் விலை ஏறி இறங்கிய வரைபடம் இதில் இருக்கிறது.

காலேஜில் இடம் கிடைப்பது சுலபமானதும் வடிகட்டி வேலைக்கு எடுக்கும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அதைப் பற்றி இன்னும் ஒரு நல்ல காமெடி வரவில்லை.

அடுத்த தடவை ‘3 இடியட்ஸ்’ பார்க்கும்போது லடாக் பள்ளியில் வரும் அந்த மூன்று மெஷின்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பெடல் மிதிப்பது யார் என்பதைவிட, அந்தப் பெடலை முதலில் வெல்டிங் வைக்கச் சொன்ன மலப்புரத்துப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் அன்றைக்குப் பள்ளிக்கு நேரத்தோடு போயாக வேண்டியிருந்தது.